நான் விழுங்கிய இத்தாலிய வசனம்

என்னுடைய ஆங்கிலக் கதை உங்கள் எல்லாருக்கும் பாடம். பிராங்பேர்ட்டில் நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் கூடும்போதெல்லாம், தேநீர் ஆறுவதற்கு முதல் அதைச் சொல்லி முடித்துவிடுவேன். அகதியாக வந்து இறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னுடைய விசாரணைக்குத் தமிழ் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்று ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பாளரை உட்கார்த்தினார்கள். இலங்கையில் இருந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே என்பது அவர்களுடைய நினைப்பு. "ஏன் நாட்டை விட்டு வந்தாய்?" என்று கேட்டார்கள். அண்ணாவைக் கொண்டுபோனது, அம்மா முகாம் வாசலில் நின்றது, வீடு எரிந்தது எல்லாம் நெஞ்சுக்குள் இருக்க, நான் "பிராப்ளம், சேர். பிக் பிராப்ளம்" என்றேன். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். முதல் தடவை என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இதைச் சொன்னதும் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். பிறகு விரலை நீட்டி, "அதுக்காகத்தான் பிள்ளையள் நான் இந்தத் தொழிலுக்கு வந்தனான்" என்று முடிப்பேன்.

அந்தக் கதையில் நான் பாவம், மற்றவர்கள் கெட்டவர்கள். அதனால் சொல்ல வசதியாக இருக்கிறது. நான் ஓய்வு பெற்றதும், குழுவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நால்வரும் "அக்கா, உங்கடை அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்கோ" என்று வாட்ஸ்அப்பில் கேட்டீர்கள். கெட்டித்தனமாகச் செய்த வேலைகள் கொஞ்சம் உண்டுதான். அவற்றை எழுதினால் நீங்கள் பூங்கொத்துப் படம் அனுப்புவீர்கள், நானும் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். நான் எழுதப்போவது அதுவல்ல. இதை என் மனிசனுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். என்னுடையதை மாற்றவில்லை.

கதை நீதிமன்றத்தில்தான் நடந்தது. ஆனால் என் தலைக்குள் இருந்த திமிருக்கு முதலில் கணக்குச் சொல்லவேண்டும். அது பிரசெல்ஸில் ஏறியது.

எங்கள் சங்கம் ஒரு பேருந்து பிடித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாராளுமன்றத்தைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் இத்தாலிய மொழிபெயர்ப்பாளர். என் வயதுக்காரி. பல வருடமாக ஒரே நீதிமன்றங்களின் நடைபாதைகளில் ஒரே கசப்புக் கோப்பியைக் குடித்தவர்கள் நாங்கள். பார்வையாளர் மாடத்தில் ஆளுக்கொரு காதுக்கருவி தந்தார்கள். அதில் ஒரு குமிழ். திருப்பத் திருப்ப ஒவ்வொரு மொழி. மொத்தம் இருபத்துநான்கு. மால்டா மொழி வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டளவு சனமும் இல்லாத ஒரு தீவு அது. அயர்லாந்துக்காரர் பலரே வீட்டில் பேசாத அயர்லாந்து மொழியும் வந்தது. எல்லாவற்றுக்கும் கண்ணாடி அறையும், உள்ளே ஆட்களும், வாசலில் பெயர்ப்பலகையும் இருந்தன.

"ஒன்றியத்தின் எந்தக் குடிமகனும் இந்த இருபத்துநான்கில் எதிலும் கடிதம் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் வரவேண்டும். அது சட்டம்" என்று அவள் எனக்கு விளக்கினாள்.

"தமிழில் எழுதினால்?" என்று கேட்டேன்.

"எழுதிப் பாரேன்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அந்த நேரம் கீழே சபையில் ஒருவருடைய ஒலிவாங்கி நின்றுபோனது. உடனே காதுக்குள் மொழிபெயர்ப்பாளரின் குரல் கேட்டது: "பேசுபவரின் குரல் எனக்கு வரவில்லை. என்னால் மொழிபெயர்க்க முடியாது." அதோடு அமைதி. சபை முழுவதும் காத்திருந்தது. என் சிநேகிதி முழங்கையால் இடித்தாள். "கேட்டாயா? எங்கள் தொழிலில் அந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான் துணிவு வேண்டும்" என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் என் விரல் இன்னும் குமிழைத்தான் திருப்பிக்கொண்டிருந்தது. அன்று படிக்கவேண்டியதை விட்டுவிட்டு, ரோசத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வழக்கிலும் நான் தமிழுக்கு ஒரு கதிரை பிடித்துக் கொடுக்கிறேன் என்ற நினைப்பு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கேயும் இதே நினைப்புத்தான்.

அடுத்த வருடம் குடும்ப நீதிமன்றத்தில் இருந்து அழைப்பு வந்தது. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போட்டிருந்தது. வழக்கில் இருந்த பெண்ணின் தமிழ்ப் பெயரைப் பார்த்து யாரோ எழுதியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மன்னாரில் பிறந்தவள். மூன்று வயதில் பெற்றோரோடு இத்தாலிக்குப் போய், பலேர்மோவில் வளர்ந்து, அங்கேயே படித்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்தவள். கலியாணம் முடித்து பிராங்பேர்ட்டுக்கு வந்தாள். ஓர் ஐஸ்கிரீம் கடையின் சமையலறையில் வேலை. முதலாளியில் இருந்து கோப்பை கழுவுகிறவர் வரைக்கும் அங்கே இத்தாலியர்கள். அதனால் ஜெர்மன் மொழியான டொச் அவளிடம் ஒட்டவில்லை. கணவன் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெடியன். இருவரும் பிரிந்துவிட்டார்கள். நாலு வயதில் ஒரு மகள். மகள் தாயோடு இருப்பதா, தகப்பனோடும் அவனுடைய தாயோடும் இருப்பதா என்பதை நீதிபதி அன்று தீர்மானிக்கவேண்டும். கணவனுக்கு வழக்கறிஞர் இருந்தார். அவளுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

நாங்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, உள்ளே போக முதல் கதவுக்கு வெளியே அவளோடு நாலு வார்த்தை கதைத்துப் பார்த்தேன். பேச்சு பிடிபடுகிறதா என்று பார்க்கத்தானே அதைச் செய்கிறோம்.

"எந்த ஊர் பிள்ளை?"

"பலேர்மோ."

"அதில்லை. ஊர்?"

"அம்மா மன்னார்" என்றாள், வகுப்பில் பிழையாகப் பதில் சொன்ன பிள்ளையின் முகத்தோடு.

"மகளோடை என்ன பாசை?"

அதைக் கேட்டதும் முகம் விரிந்தது. "மகளோட தமிழ்தான் அன்ரி. சாப்பாடு, குளிப்பு, நித்திரை, பாட்டு. எல்லாம் தமிழ்."

அவளிடம் இருந்த தமிழின் எல்லையையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு அது விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கியது. அவள் கதைக்கக் கதைக்க நான் இரண்டு தடவை சொல்லைத் திருத்தியும் விட்டேன், ஏதோ சனிக்கிழமை வகுப்பில் நிற்பதுபோல.

அப்போது நடைபாதையின் மறுபக்கத்தில் இருந்து என் இத்தாலியச் சிநேகிதி வந்தாள். அவளுடைய வழக்கு தள்ளிப்போய்விட்டதாம். பின்னேரம் இன்னொரு வழக்குக்கு டெர்மின் குறித்திருந்ததால் அங்கேயே நின்றாள். கோப்பியோடு வந்தவள் அந்தப் பெண்ணின் கையில் இருந்த இத்தாலியப் பத்திரத்தைக் கண்டு ஏதோ கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்றவள் ஆளே மாறிப்போனாள். கை பேசியது, கண் பேசியது. ஒரு வசனம் முடிய முதல் அடுத்தது வந்தது. என் சிநேகிதி ஓரிடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் வாயைப் பொத்தினாள். இரண்டு நிமிடத்தில் அவள் தன் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள் என்பது, அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத எனக்கே தெரிந்தது.

சிநேகிதி அப்பால் போய் யன்னலோரம் இருந்தாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அன்ரி, அந்த அக்கா உள்ள வர ஏலுமோ? எனக்கு இத்தாலியன்தான் சுகம்."

ஏலும். உள்ளே போய் நீதிபதியிடம் "இவருடைய மொழி இத்தாலியம். நான் பொருத்தமான ஆள் இல்லை. பொருத்தமானவர் வெளியே இருக்கிறார்" என்று சொல்லியிருந்தால் போதும். முப்பதடி தூரத்தில் ஒருத்தி சும்மா இருந்தாள். இப்படி ஒரு வசதி இந்தத் தொழிலில் ஆயுளில் ஒரு தடவைகூட வராது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தச் சொற்களை ஒன்றும் குறைக்காமல் எழுதுகிறேன். "தமிழ்ப் பிள்ளைக்கு என்னத்துக்கு இத்தாலியன்? அவையின்ரை மொழிக்கு ஐரோப்பா முழுக்க இடமிருக்கு. எங்கடையை நாங்களே கைவிட்டால் எப்பிடி? இப்பிடிக் கேக்க வெக்கமாயில்லையோ உமக்கு?"

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே போனதும் நீதிபதி வழமையான கேள்வியைக் கேட்டார். "நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொள்கிறீர்களா?" நான் அதைத் தமிழில் சொன்னேன். அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு "ஓம்" என்றாள். நான் "ஆம்" என்று டொச்சில் சொன்னேன். பதிவில் அது அவளுடைய ஓம். ஆனால் வாசலில் வைத்து அவள் வாய்க்குள் அதைத் திணித்து அனுப்பியவள் நான்.

கணவனுடைய வழக்கறிஞர் எழும்பி, அவள் தகப்பனுடைய சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பலேர்மோவுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தாள் என்றார். ஏன் போனீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"அம்மாக்கு சுகமில்லை. போனன். பிறகு வந்தன்."

அதைச் சொல்லுக்குச் சொல் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். தாய்க்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்தது, போகமுதல் கணவனுக்குச் சொன்னாள், திரும்பி வருகிற சீட்டும் எடுத்துக்கொண்டே போனாள், தாய் தேறாததால்தான் நாள் நீண்டது என்பவை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என் சிநேகிதிக்கு அவை நடைபாதையிலேயே தெரிந்திருந்தன.

"உங்கள் மகளுக்கு இப்போது எது முக்கியம் என்று நினைக்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். நல்ல மனுசி. சந்தர்ப்பம் கொடுக்கத்தான் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "சாப்பாடு" என்றாள். "நித்திரை. விளையாட்டு." பிறகு, "அன்பு" என்றாள்.

நீதிபதியின் பேனை நின்றது. எதிர்ப்பக்கம் கணவன் சரளமான டொச்சில், மகளுடைய கூச்ச சுபாவத்தைப் பற்றி, பாலர் பள்ளியில் அவளுக்கு இருக்கிற ஒரேயொரு சிநேகிதியைப் பற்றி, இருட்டுக்குப் பயப்படுவதைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தான். இவள் ஏதோ பூனைக்குட்டி வளர்ப்பவள்போல நாலு சொல்லோடு நின்றாள். நான் கையைத் தூக்கியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் "ஆம்" என்றுவிட்டு அரைவாசியில் "இல்லை" என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை வந்துவிட்டது. அவளுடைய பிள்ளை ஒருபக்கம், என்னுடைய பெயர் மறுபக்கம். நான் பெயரைப் பார்த்தேன்.

கடைசியில் நீதிபதி, "இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். கேட்டதை எழுதுகிற பழக்கத்தில் என் கை தானாகக் குறிப்புப் புத்தகத்தில் அதைத் தமிழ் எழுத்தில் எழுதியது. என்ன கருத்து என்று எனக்குத் தெரியாது. "இவர் இத்தாலியத்தில் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லவேண்டியது என் கடமை. பிரசெல்ஸில் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர் ஒரு நொடியில் சொன்னது அதைத்தான்.

நான் நீதிபதியைப் பார்த்து, "வேறொன்றும் சொல்ல இல்லையாம்" என்றேன்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் பிழை விடாதவர் இல்லை. நானும் விட்டிருக்கிறேன், நீங்களும் விடுவீர்கள். இது பிழை இல்லை. இது பொய். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொடுத்த ஒருத்தி, எல்லாருக்கும் முன்னால், முகம் மாறாமல் சொன்ன பொய்.

அடுத்த தீர்மானம் வரைக்கும் மகள் தகப்பனோடு இருக்கட்டும், தாய் கிழமைக்கு ஒரு நாள் பார்க்கலாம் என்று நீதிபதி சொன்னார். அதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. வீட்டுத் தமிழிலேயே சொன்னேன். சோறு, நித்திரை அளவு எளிமையான சொற்கள். அது அவளுக்கு நன்றாக விளங்கியது.

"எத்தினை நாள் அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

வழக்கு முடிந்ததும் குறிப்புகளை அழித்துவிடவேண்டும் என்று உங்களுக்கு நான்தானே சொல்லித்தந்தேன். மற்றப் பக்கங்களை அன்றே கிழித்தேன். அந்த ஒரு பக்கத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. மூன்று கிழமை அது என் கைப்பைக்குள் இருந்தது. எஸ்-பான் ரயிலில் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். திரும்ப மடித்து வைப்பேன். தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். தெரியாதவரைக்கும்தான் நான் தப்பலாம் என்று இருந்தேன்.

நாலாம் கிழமை அதே நடைபாதையில் என் சிநேகிதியைக் கண்டேன். பையைத் திறந்து, தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தேன்: "நோன் லோ சோ தீரே. மீ அயூத்தி."

அவள் கோப்பியை யன்னல்கட்டில் வைத்தாள். "'எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. உதவி செய்யுங்கள்.' மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். யார்?"

"அன்றைக்கு உன்னோடு கதைத்தாளே, அந்தப் பெண்."

"யாரிடம் கேட்டாள்?"

"என்னிடம்."

"நீ என்ன செய்தாய்?"

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "நான் அங்கேதான் இருந்தேன்" என்றாள். பிறகும் ஒரு தடவை, "அந்தக் கதிரையில்தான் இருந்தேன்" என்றாள். அன்று என்னைவிட அவள்தான் கூடக் கலங்கிப்போயிருந்தாள்.

உடனே நீதிமன்றத்துக்கு எழுதினேன் என்று சொல்ல ஆசை. அதுவும் இல்லை. இன்னும் ஒன்பது நாள் எடுத்தேன். பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களோ, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடுமோ, என்னைக் கண்டு இந்தத் தொழிலுக்கு வந்த உங்களைப் போன்றவர்கள் என்ன நினைப்பீர்களோ என்று ஒன்பது நாள் எனக்கு நானே வழக்காடினேன். அந்த ஒன்பது நாளும் ஒரு நாலு வயதுப் பிள்ளை இருட்டுக்குப் பயந்து, தாய் இல்லாத வீட்டில் படுத்தது. கடைசியில் எழுதிய கடிதம் ஐந்து வரி. அவளுடைய மொழி இத்தாலியம் என்பது எனக்கு விசாரணைக்கு முன்பே தெரியும் என்றும், அவள் வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்டதை நான் மறைத்தேன் என்றும், கடைசியில் அவள் சொன்னதை நான் சொல்லாமல் விட்டேன் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது எனக்கு என் அகதி விசாரணையின் அந்தப் பழைய அதிகாரியின் ஞாபகம் வந்தது. அவர்கூட என்னிடம் "வெக்கமாயில்லையோ" என்று கேட்கவில்லை.

கடிதம் கிடைத்தது, நன்றி என்று ஒரு வரிப் பதில் வந்தது. பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறு விசாரணைக்கு என் சிநேகிதியைத்தான் அழைத்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போய் நடைபாதையில் இருந்தேன். நான் மொழிபெயர்த்த விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. இது இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியது. கதவுக்கு வெளியே சொற்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, நிற்காமல், ஏறி இறங்கி. முதல் விசாரணையில் அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை.

கதவு திறந்தது. மகள் தாயிடம் திரும்புகிறாள் என்று சிநேகிதி கண்ணாலேயே சொன்னாள். பிரித்து நாலரை மாதம் ஆகியிருந்தது.

நான் எழும்பிப் போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றேன். "பிள்ளை, எல்லாம் என்ரை பிழை. நீர் உதவி கேட்டனீர். நான் செய்யேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

அவள் சொல் தேடுகிறாள் என்று தெரிந்தது. இந்த முறை நான் எடுத்துக்கொடுக்கவில்லை. சிநேகிதி உதவிக்குக் கிட்ட வந்தபோது, அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்னிடம் தமிழிலேயே சொல்ல விரும்பினாள்.

அவள் சொன்னதை எழுத முதல், உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னால் முடியாது. நீதிபதி "ஒருவரை ஒருவர் விளங்குகிறதா" என்று கேட்கும்போது, உங்கள் ஆள் உங்களைப் பார்த்தால், அந்தக் கேள்வி உங்களுக்கு. இல்லை என்று சொல்லுங்கோ. எழும்பி வெளியே போங்கோ. தமிழுக்கு ஒன்றும் ஆகாது. உங்களில் சிலருடைய தமிழை நான் மற்றவர்களுக்கு முன்னால் திருத்தியிருக்கிறேன், ஒருத்தி அழுதுகொண்டு போனதும் நினைவிருக்கிறது. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"அன்ரி, நான் இனிமேல் மகளோட தமிழ் கதைக்கிறேல்லை."

அந்த வசனத்தில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.